லாவாவுக்கு முன்னால் 178 மைல்

கேள்வி, 11 ஜனவரி 2023

நாங்கள் ஆறு நண்பர்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாகப் பாயும் கொலராடோ ஆற்றில், சுற்றுலா நிறுவனம் எதையும் நாடாமல், நாங்களே படகோட்டிச் செல்ல விரும்புகிறோம். இருவருக்குக் கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகு பழக்கம் உண்டு. ஒருவர் வேறு ஆறுகளில் சில கோடைகள் ராஃப்ட் என்னும் காற்றடைத்த பெரிய ரப்பர் படகு ஓட்டியிருக்கிறார். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையால் ஜூலை மாதம்தான் வசதிப்படும். காணொளிகளைப் பார்த்தவரையில் லாவா ஃபால்ஸ் ஒன்றைத் தவிர மற்ற ரேபிட்களை, அதாவது ஆறு கொந்தளித்து ஓடும் இடங்களை, சமாளித்துவிடலாம் என்று தோன்றுகிறது. லாவாவுக்கு எப்படித் தயாராவது?

12 ஜனவரி 2023

லாவா ஃபால்ஸ், பயணம் தொடங்கும் லீஸ் ஃபெரியிலிருந்து கணக்கிட்டால் 179ஆம் மைலில் வருகிறது. அதற்கு முன்னால் இருக்கும் 178 மைல்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு சொல்லும் இல்லை என்பதால், நான் விண்ணப்பப் படிவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2006ஆம் ஆண்டுக்கு முன்பு, தனியார் குழுக்கள் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்க வேண்டிய நிலை இருந்தது. இப்போது தேசியப் பூங்கா நிர்வாகம் குலுக்கல் நடத்துகிறது. விண்ணப்பக் கட்டணம் 25 டாலர். அது திரும்பி வராது. முதன்மைக் குலுக்கல் பிப்ரவரியில், அடுத்த ஆண்டின் பயணங்களுக்காக நடக்கும். கடைசியாக ஆற்றில் இறங்கி எத்தனை ஆண்டுகள் கடந்தனவோ அதற்கேற்ப வாய்ப்பு கூடும். ஜூலையை மட்டும் கேட்பவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கேட்டால் போட்டி மெலிவதோடு, லீஸ் ஃபெரியிலிருந்து, கரையேறும் இடமான டயமண்ட் கிரீக் வரையிலான 226 மைலுக்கு 25 நாட்கள் கிடைக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை அதே தூரத்தை 16 நாட்களில் முடித்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓய்வு நாளே இல்லாமல் நாளொன்றுக்குப் பதினான்கு மைல் வருகிறது.

எட்டுப் பேர் வரையிலான சிறு குழு, பதினாறு பேர் வரையிலான பெரிய குழு என அனுமதி இரு வகைப்படும். பெரியதையே கேளுங்கள். கைகள் கூடினால் வேலை குறையும்.

தனியார் பயணத்தில் சம்பளத்துக்கு வழிகாட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் ராஃப்ட், துடுப்பு, ஐஸ் பெட்டி, பொட்டலம் கட்டிய உணவு ஆகியவற்றை வாடகைக்கும் விலைக்கும் தரும் கடைகள் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் இருக்கின்றன. குழுவில் ஒருவருக்காவது இந்த ஆற்றிலோ இதற்கு நிகரான ஆற்றிலோ அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ராஃப்ட் நண்பர் ஓட்டிய ஆறு எது என்று சொல்லவில்லையே?

12 ஜனவரி 2023, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். ஒருவர் ஓர் ஆண்டில் ஒரு முறைதான் இந்த ஆற்றில் பொழுதுபோக்குப் பயணம் செல்லலாம்; நிறுவனப் படகில் பயணியாகச் சென்றாலும் அது கணக்கில் சேரும். ஆகவே முன்கூட்டியே பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரையும் அதே ஆண்டில் அனுப்பிவிடாதீர்கள்.

21 ஜனவரி 2023

நிலையான ஆறு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லோரும் திட்டமிடுகிறார்கள். நானும் 2013இல் அப்படித்தான் செய்தேன்.

லீஸ் ஃபெரிக்குப் பதினைந்து மைல் மேலே கிளென் கேன்யன் அணை இருக்கிறது. 1963இல் அதன் கதவுகள் மூடப்பட்ட நாளிலிருந்து இந்த ஆறு மின்சாரத் தேவையின் தாளத்துக்கு ஏறி இறங்குகிறது. மேட்டூரில் திறந்துவிடும் நீரைப் பற்றிய செய்தியில் நாம் படிக்கும் அதே கன அடிக் கணக்குதான் இங்கேயும். வழக்கமான நாட்களில் வினாடிக்கு 25,000 கன அடிக்கு மேல் விடுவதில்லை. பகலில் 8,000 கன அடிக்கும் இரவில் 5,000 கன அடிக்கும் கீழே போக விடுவதில்லை. ஒரே நாளில் ஏற்ற இறக்கம் 8,000 கன அடியைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு உண்டு. கடலே இல்லாத பாலைவனத்தில் நாள்தோறும் ஓதமும் வற்றமும் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அணையிலிருந்து கிளம்பும் ஏற்றம் கீழே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்பதால், அணையில் நண்பகலில் கூடிய நீர் ஒரு முகாமில் நள்ளிரவிலும் இன்னொரு முகாமில் மறுநாள் காலையிலும் வரும்.

எங்கள் முதல் பயணத்தின் நான்காம் இரவு, நான்கு ராஃப்ட்களையும் கரையோரம் அழகாக வரிசைப்படுத்திக் கட்டிவிட்டுத் தூங்கினோம். காலையில் எழுந்தபோது நான்கும் ஈர மணலில் சாய்ந்து கிடந்தன. நீர் இருபது அடி தள்ளிப் போயிருந்தது. ஒவ்வொன்றும் ஐஸும் தண்ணீரும் இரும்புப் பெட்டிகளுமாக ஒரு டன்னை நெருங்கும் எடை. தள்ளினோம், ஒருவரையொருவர் குறை சொன்னோம், மறுபடியும் தள்ளினோம். பிறகு காப்பி போட்டுக்கொண்டு, பதினொரு மணிக்கு ஆறு தானே ஏறி வந்து படகுகளைத் தூக்கும் வரை உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, இரவில் விழித்துக்கொள்பவர் டார்ச் அடித்து அதைப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று.

இங்கே ரேபிட்களை மற்ற ஆறுகளைப் போல ஒன்று முதல் ஆறு வரை என்று தரம் பிரிப்பதில்லை. ஒன்று முதல் பத்து வரை எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணும் நீரளவைப் பொறுத்து மாறும். 130ஆம் மைலில் உள்ள பெட்ராக், 90ஆம் மைலில் உள்ள ஹார்ன் கிரீக் ஆகியவை எவ்வளவு கடினம் என்று கேட்பவரிடம், எத்தனை கன அடியில் என்று திருப்பிக் கேட்பதே சரியான பதில்.

தண்ணீர் நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வருவதால் லீஸ் ஃபெரியில் 8 முதல் 10 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். காற்றில் 42 டிகிரி, தண்ணீரில் 9 டிகிரி. இரண்டுக்கும் சேர்த்து உடை தேட வேண்டும்.

3 பிப்ரவரி 2023

நாங்கள் கவிழ்ந்த இடம் லாவா அன்று. பேர்போன இன்னொரு ரேபிட்டான கிரிஸ்டலும் அன்று. 24½ மைல் ரேபிட்.

இருபதாம் மைலிலிருந்து முப்பதாம் மைல் வரை ரேபிட்கள் அடுத்தடுத்து வருகின்றன. எதற்கும் தனிப் புகழ் கிடையாது; காணொளிகளில் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள். துடுப்பு என் கையில் இருந்தது; முன்பக்கம் என் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். ஓர் அலை பக்கவாட்டில் திடீரென்று வந்து மோதியது. பதினாறு அடி ராஃப்ட் சுவரைப் போல நிமிர்ந்து நின்று, ஒரு நொடி யோசித்து, எங்கள் மேல் கவிழ்ந்தது. குளிர் மூச்சைப் பிடுங்கும் என்பார்கள். பிடுங்கவில்லை, மூச்சை உள்ளே இழுக்க வைத்தது, அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தது.

நான் படகின் வெளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மைத்துனர் தென்படவில்லை. சட்டகத்தில் உணவுப் பெட்டியைக் கட்டியிருந்த வார்ப்பட்டையின் வால் நீளமாகத் தொங்கி, அவருடைய செருப்பு வாரில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அவர் கால் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் பட்டையைக் கட்டியவன் நான். மிச்ச வாலை மடித்துச் செருகாமல் விட்டவனும் நான். காலை உணவுக்குப் பிறகு, கிளம்பும் அவசரத்தில், இதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அன்றிரவு அவர் ஒற்றைச் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார், என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

கீழே நீர் ஒதுங்கிச் சுழலும் இடத்தில் மற்ற படகுகள் எங்களைப் பிடித்தன. ஆறு பேர் கவிழ்ந்த ராஃப்டின் ஒரு விளிம்பில் ஏறி நின்று, மறுபக்கத்துக் கயிறுகளைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, மூன்றாம் முயற்சியில் அதை நிமிர்த்தினோம். பருப்புப் பெட்டியில் தண்ணீர் புகுந்திருந்தது. சாம்பார்ப் பொடி டப்பா மட்டும் உலர்ந்த நிலையில் கிடைத்தது. அதைப் போட எதுவும் மிஞ்சவில்லை.

1949 ஜூலையில் பெர்ட் லோப்பர் என்ற படகோட்டி, எண்பது வயது நிறையச் சில வாரங்களே இருக்கும்போது, இதே ரேபிட்டில்தான் இறந்தார். வாழ்நாள் முழுவதும் இந்த ஆற்று அமைப்பில் துடுப்புப் போட்டவர். தம் படகைத் தாமே கட்டியவர். துடுப்பைப் பிடித்தபடியே மாரடைப்பு வந்திருக்கக்கூடும் என்பது பலருடைய கருத்து. அவருடைய எலும்புகள் 1975இல்தான் கிடைத்தன.

4 பிப்ரவரி 2023

நேற்றைய குறிப்பை என் மனைவி படித்தார். அவர் அன்று பின்னால் வந்த படகில் இருந்தார். ‘திடீரென்று’ என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. அன்றைய முகாமை எங்கே போடுவது என்று நானும் மைத்துனரும் ரேபிட்டின் வாயிலிலும் விவாதித்துக்கொண்டிருந்தோம் என்றும், படகு கோணலாக நுழைந்ததை இருவருமே பார்க்கவில்லை என்றும், தாம் ஊதிய விசில் எங்கள் காதில் விழவில்லை என்றும் சொல்கிறார். அவர் சொல்வதே சரியாக இருக்கும்.

20 பிப்ரவரி 2023

கைகள் கூடினால் வேலை குறையும் என்று ஜனவரியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பதினாறு கைகளோடு பதினாறு வயிறுகளும் வருகின்றன. எங்கள் முதல் பயணத்தில் பதினைந்து பேர், 2019 அக்டோபரில் ஒன்பது பேர். இரண்டாவதில் சண்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சண்டை போட்டவர்கள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சண்டைக்கு முதல் காரணம் கழிப்பறை. மலம் முழுவதையும் பெட்டியில் அடைத்துப் படகில் ஏற்றி, கடைசி நாள் வரை சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். அந்தப் பெட்டிக்கு குரூவர் என்று பெயர். முற்காலத்தில் இருக்கை இல்லாத ராணுவ வெடிமருந்துப் பெட்டியின் விளிம்பில் அமர்ந்தவர்களின் தொடையில் இரண்டு கோடுகள் பதிந்ததால் வந்த பெயர் அது. சிறுநீர் மட்டும் ஆற்றிலேயே கழிக்க வேண்டும். ஆற்றங்கரையில் ஒதுங்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது முதல் இரண்டு நாள் மனத்துக்கு ஒவ்வாது. காரணம் எளியது. ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் தங்கும் இந்தச் சிறிய மணல் திட்டுகளில் மழை மிகக் குறைவு. மணலில் விட்டால் நாற்றம் அங்கேயே நிற்கும். யார் எந்த நாள் குரூவரைத் தூக்குவது என்ற அட்டவணையைக் கிளம்பும் முன்பே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். முதல் பயணத்தில் அதை நல்ல மனத்துக்கு விட்டோம். பதின்மூன்று நாள் இரண்டே பேர் தூக்கினார்கள்.

கை கழுவும் ஏற்பாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடந்த 2022ஆம் ஆண்டில் இந்தப் பள்ளத்தாக்கின் படகுக் குழுக்களிலும் நடைப்பயணிகளிலுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் வாந்தி பேதியில் விழுந்தார்கள். நோரோ வைரஸ்தான் காரணம். மருத்துவமனை ஹெலிகாப்டரில் போகும் தூரத்தில் இருக்கிறது. கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்றாவது தேவை.

29 ஏப்ரல் 2023

இந்த வாரம் அணையிலிருந்து 72 மணி நேரம் வினாடிக்கு 39,500 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அணை வண்டலை மேலேயே பிடித்துவைத்துக்கொள்வதால் கீழே கரைகள் அரிக்கப்படுகின்றன. பரியா ஆறு போன்ற துணையாறுகள் கொண்டுவந்து அடியில் சேர்த்த மணலைப் பெருநீரால் கிளப்பிக் கரையில் ஏற்றுவதே இதன் நோக்கம். அடுத்த ஆண்டு போகிறவர்களுக்கு முகாம் மணல் விரிந்திருக்கும், கொஞ்ச காலத்துக்காவது.

இதையொட்டி ஒரு திருத்தம். தண்ணீர் 8 முதல் 10 டிகிரி என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். நீர்த்தேக்கம் நிறைந்திருந்த காலத்துக்கு அது பொருந்தும். அந்த நீர்த்தேக்கமான பவல் ஏரி, முதலில் நிரம்பிய பிறகு என்றுமில்லாத அளவுக்கு இந்த ஆண்டு தொடக்கத்தில் தாழ்ந்துபோயிற்று. அப்போது மின்நிலையக் குழாய்கள் வெயில் சூடேற்றிய மேற்பரப்புக்கு நெருக்கத்திலிருந்து நீரை உறிஞ்சும். சென்ற கோடையில் தண்ணீர் வழக்கத்தைவிட மிகவும் வெதுவெதுப்பாக இருந்தது அதனால்தான். ஏரி மட்டத்தைப் பார்த்துவிட்டு உடை வாங்குங்கள். நான் 2013இல் பட்டதை வைத்துச் சொன்னேன்.

16 ஜூலை 2023

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் பல நாட்களாகத் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் அடிக்கிறது. பள்ளத்தாக்கின் அடியும் இதற்குக் குறைந்ததன்று. மாலையில் பாறைச் சுவர்கள் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பித் தருகின்றன. நனைத்த வேட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கினால் நாற்பது நிமிடத்தில் அது காய்ந்துவிடும், மறுபடியும் போய் நனைத்து வர வேண்டும். ஜூலை வேண்டாம் என்று நான் சொல்லும் முதல் காரணம் இது. இரண்டாவது, ஜூலை நடுவில் தொடங்கும் பருவமழை. பக்கப் பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளம் வரும், படகுகளை ஏற்ற வேண்டிய டயமண்ட் கிரீக் சாலையும் அடித்துச் செல்லப்படுவதுண்டு. மூன்றாவது, ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை மோட்டார் படகுகள் ஓடும். நல்ல முகாம்களுக்குப் போட்டி இருக்கும்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. உடலில் உப்புக் குறைந்து தலை சுற்றி மயங்கியவர்களை வெயில் தாக்கியவர் என்று எண்ணி இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். உப்புப் போட்ட மோர்ப்பொடிக் கரைசல் எங்கள் குழுவில் அமெரிக்க நண்பர்களுக்கும் பிடித்துப்போயிற்று. அதோடு ஊறுகாய் ஒரு பாட்டில்.

துணையாறுகளான லிட்டில் கொலராடோவோ பரியாவோ பொங்கினால் ஆறு செங்காவி நிறத்துக்கு மாறி, வடிகட்டி அரை மணியில் அடைத்துக்கொள்ளும். முதல் நாள் இரவே வாளிகளில் பிடித்துப் படிகாரத்தைக் கரைத்து வைத்தால் காலையில் சேறு அடியில் படிந்திருக்கும். மேல்நீரை அலுங்காமல் முகந்து பிறகு வடிகட்ட வேண்டும். ஊரில் பாட்டி குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டை தேய்த்ததைப் பார்த்திருக்கிறேன், அதே வித்தைதான். எங்கள் படகோட்டி ஒருவருக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. வாளியைப் பார்த்த பிறகு படிகாரத்தையாவது நம்பினார்.

காற்றைப் பற்றி ஒரு வரி: ரேபிட்கள் இந்த ஆற்றின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மீதியில் பிற்பகல் எதிர்காற்று வீசும். துடுப்புப் போடப் போட ராஃப்ட் மேல்நோக்கி நகர்ந்த நாளும் உண்டு. தோளுக்குத் தயாராக வேண்டியது இதற்குத்தான்.

8 அக்டோபர் 2023

துணைக் குலுக்கலில் 2024 அக்டோபர் தேதி கிடைத்துவிட்டது என்றும், சிறு குழு என்றும், உங்கள் ஆறு பேரோடு, வடக்குக் கலிஃபோர்னிய ஆறுகளில் ஓட்டிய இருவர் சேர்ந்துகொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. ஜூலையை நீங்கள் விட்டதில் எனக்குப் பங்கில்லை, பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டதுதான் காரணம் என்பதையும் படித்தேன்.

லீஸ் ஃபெரியில் கைபேசியின் மணியை நம்பாதீர்கள். அரிசோனாவில் கோடை நேர மாற்றம், அதாவது கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துவது, கிடையாது. ஆற்றின் மறுகரையில் தொடங்கும் நவஹோ பூர்வகுடிகளின் நாட்டில் உண்டு. எங்கள் கைபேசிகளில் பாதி ஒரு மணி நேரம் முந்திக்கொண்டன. பூங்கா அதிகாரியான ரேஞ்சர் கருவிகளைச் சோதித்து அடையாள அட்டைகளைப் பார்க்கும் நேரத்துக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்று எல்லோரையும் நான்கு மணிக்கு எழுப்பினேன்; உண்மையில் அப்போது மூன்று. கைக்கடிகாரம் கொண்டு போங்கள்.

டயமண்ட் கிரீக் ஹுவாலபாய் என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். சாலைக்கு அவர்களுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். அதைத் தாண்டி 280ஆம் மைலில் உள்ள பியர்ஸ் ஃபெரி வரை போவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆறு போய்ச் சேரும் மீட் ஏரி வற்றியதால் அந்தக் கரைக்குச் சற்றுக் கீழே புதிதாக ஒரு பொல்லாத ரேபிட் உருவாகியிருக்கிறது. பயணம் முடிந்தது என்ற நினைப்பில் கரையைத் தவறவிட்டால் அதற்குள்தான் போக வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட லாவா. பெயரைப் பார்த்து எரிமலைக் குழம்பு உண்டாக்கியது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் இடப்பக்கத்து பிராஸ்பெக்ட் கேன்யன் அவ்வப்போது வெள்ளத்தில் தள்ளிவிடும் பாறைகளும் சேறும்தான் ஆற்றை அங்கே நெரிக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கின் ரேபிட்கள் பெரும்பாலும் அப்படிப் பிறந்தவையே; 98ஆம் மைலில் இருக்கும் கிரிஸ்டல் 1966 டிசம்பரில் ஒரே மழையில் கொடியதாக மாறியது. லாவாவுக்கு ஒரு மைல் முன்னால் ஆற்றின் நடுவே வல்கன்ஸ் ஆன்வில் என்ற கரும்பாறை நிற்கும். பூர்வகுடிகள் அதைப் புனிதமாகக் கருதுகிறார்கள். தொடாமல் கடந்து செல்லுங்கள். அதைக் கண்டதும் படகில் பேச்சு நின்றுவிடும்.

வலக்கரையில் இறங்கிக் கரும்பாறைகளின் மேல் ஏறிப் பாருங்கள். நடுவில், நீர் ஒரு படியிலிருந்து விழுந்து தன்மேலேயே மடங்கும் குழியைக் கண்டுபிடியுங்கள். எந்தப் பாதையில் போனாலும் அதற்குள் போகாதிருப்பதே வேலை. இடமா வலமா என்பதை அன்றைய நீரளவு முடிவு செய்யும். என் இரண்டு பயணங்களும் வலப்பக்கம் போனவை என்பதால் இடப்பக்கத்தைப் பற்றி நான் பேசக் கூடாது. மேலிருந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் நீர்க்குமிழிக் கோடுகள் படகில் உட்கார்ந்ததும் மறைந்துவிடும். ஆகவே கரையில் ஒரு பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கு நேராகப் படகு வரும்போது என்ன செய்வீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எல்லாம் இருபது விநாடிகளில் முடிந்துவிடும். பட்டைகளின் வால்களை மடித்துச் செருகினீர்களா என்று வேறொருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

பார்த்து முடித்துப் படகுக்குத் திரும்பியதும் எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் சிறுநீர் வரும். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.